ஐந்து வருஷம் தாண்டினதுக்கு அப்புறம்

இன்னைக்கு எபிசோட் வழக்கமா நாம பேசுற டெக் விஷயம் இல்ல. ஆனா இதுல டேட்டா இருக்கு, ஒரு கிராஃப் இருக்கு, காணாம போன ஒரு ஃபைலும் இருக்கு. அதனால பாதியில ஓடிடாதீங்க.

என் டீம்ல ஒருத்தங்க அட்லாண்டாவுல இருந்து வேலை பார்க்குறாங்க. கறுப்பின அமெரிக்கர். ரெண்டு வருஷமா கிட்டத்தட்ட தினமும் பேசுறோம், ஆனா பேச்சு எல்லாம் வேலையைப் பத்திதான். போன மாசம் ஒரு நாள் மீட்டிங் முடிஞ்சு எல்லாரும் போனதுக்கு அப்புறம், "ஒரு நிமிஷம் இரு"ன்னு சொன்னாங்க. அவங்க தம்பிக்கு இப்போ 32 வயசு. 1999-ல, 6 வயசுல, அவருக்கு மெடுல்லோபிளாஸ்டோமா வந்துச்சு. சிறுமூளையில வர்ற கட்டி அது. ஆபரேஷன், தலைக்கும் முதுகுத்தண்டுக்கும் ரேடியேஷன், அதுக்கு மேல கீமோ. பையன் பிழைச்சுட்டான். ஐந்து வருஷம் முடிஞ்ச அன்னைக்கு வீட்ல கேக் வெட்டினாங்களாம்.

இப்போ திடீர்னு தலைவலி. ஸ்கேன் எடுத்தா மெனிஞ்சியோமா. மூளையைச் சுத்தி இருக்கிற உறையில வர்ற வேற ஒரு கட்டி. சின்ன வயசுல தலைக்கு ரேடியேஷன் வாங்கினவங்களுக்குப் பல வருஷம் கழிச்சு இது வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட அதிகம். புது டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "அப்போ எவ்வளவு ரேடியேஷன் கொடுத்தாங்க?" வீட்ல யாருக்கும் தெரியல. பழைய ஆஸ்பத்திரியில கேட்டா, அவ்வளவு பழைய ஃபைல் இல்லன்னு சொல்லிட்டாங்க.

அவங்க என்கிட்ட ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாங்க. "நீ டேட்டா பார்க்குற ஆள்தானே? இந்த மாதிரி பிள்ளைங்க 25 வருஷம் கழிச்சு என்ன ஆகுறாங்கன்னு எங்கேயாவது எழுதி வச்சிருக்காங்களா? அதுல எங்களை மாதிரி ஆளுங்க எங்க நிக்கிறோம்?"

அதுக்குப் பதில் தேடினதுதான் இந்த எபிசோட். நான் டாக்டர் இல்ல, இன்ஜினியர். அதை மனசுல வச்சுக்கிட்டே கேளுங்க.

கடலுக்கடியில ஒரு கிராஃப்

முதல்ல அந்த "ஐந்து வருஷம்". கேன்சர் பத்தி எந்தப் பேப்பர் படிச்சாலும் ஒரு கிராஃப் வரும். இடது மேல் மூலையில 100%-ல ஆரம்பிச்சு, படிப்படியா இறங்கும் ஒரு கோடு. அதுக்குப் பேரு கேப்லன்-மேயர் கோடு. 1958-ல எட்வர்ட் கேப்லனும் பால் மேயரும் சேர்ந்து எழுதின பேப்பர். மேயர் மருத்துவ ஆராய்ச்சிப் பக்கம் இருந்தவர். கேப்லன் பெல் லேப்ஸ்ல இருந்தவர். அவர் யோசிச்சது நோயாளிகளைப் பத்தியே இல்ல. கடலுக்கடியில போற டெலிபோன் கேபிள்ல, சிக்னலைத் தூக்கி விடுறதுக்கு வேக்குவம் ட்யூப் இருக்கும். அது எத்தனை வருஷம் தாங்கும்னுதான் யோசிச்சார்.

பிரச்சனை என்னன்னா, கணக்கு எடுக்குற அன்னைக்கு நிறைய ட்யூப் இன்னும் கெட்டுப்போகாம ஓடிக்கிட்டு இருக்கும். அதை "தெரியல"ன்னு தள்ளிட முடியாது. "இது வரைக்கும் ஓடுது"ங்கிறதும் ஒரு தகவல்தானே? அதையும் கணக்குல சேர்க்குற வழியைத்தான் இவங்க ரெண்டு பேரும் கொடுத்தாங்க.

ஆனா இதுல ஒரு நிபந்தனை இருக்கு. நடுவுல கணக்கை விட்டுப் போனவங்களும், கணக்குல தொடர்ந்து இருக்கிறவங்களும் ஒரே மாதிரி ஆளுங்கன்னு இந்த முறை நம்புது. கஷ்டத்துல இருக்கிறவங்க மட்டும் அதிகமா விட்டுப் போயிருந்தா, கோடு நிஜத்தை விட அழகா தெரியும். இந்த ஒரு பாயிண்ட்டை ஞாபகம் வச்சுக்கோங்க. கடைசியில திரும்ப வரும்.

மூணு வயசுங்கிற எல்லை

இப்போ வயசு வித்தியாசம். அமெரிக்காவுல குழந்தைகள், டீனேஜ் பசங்க மத்தியில கேன்சர் மரணங்களுக்கு ரொம்ப காலமா ரத்தப் புற்றுநோய்தான் முதல் காரணமா இருந்துச்சு. 2014 கணக்குப்படி மூளைப் புற்றுநோய் முதலிடத்துக்கு வந்துடுச்சு. அந்த வருஷம் 1-ல இருந்து 19 வயசு வரைக்கும் உள்ளவங்களோட கேன்சர் மரணங்கள்ல 29.9% மூளைப் புற்றுநோய், 24.9% ரத்தப் புற்றுநோய். காரணம், ரத்தப் புற்றுநோய் சிகிச்சை வேகமா முன்னேறிடுச்சு, மூளை அந்த அளவுக்கு முன்னேறல.

ஏன் முன்னேறல? மெடுல்லோபிளாஸ்டோமாவை எடுத்துக்குங்க. இந்தக் கட்டியோட செல்கள் மூளையையும் முதுகுத்தண்டையும் சுத்தி ஓடுற திரவம் வழியா பரவும். அதனால கட்டியை மட்டும் எடுத்தா பத்தாது. மொத்த மூளைக்கும் மொத்த முதுகுத்தண்டுக்கும் ரேடியேஷன் கொடுக்கணும். 6 வயசுப் பையனுக்கே அது பெரிய அடி. 1 வயசுக் குழந்தைக்கு, மூளை இன்னும் உருவாகிக்கிட்டு இருக்கும்போது கொடுத்தா, உயிர் பிழைச்சாலும் படிப்பு, பேச்சு, ஞாபகம் எல்லாம் நிரந்தரமா அடிபடும். முன்னாடி அப்படிக் கொடுத்துப் பார்த்துதான் இது தெரிய வந்துச்சு.

அதனால டாக்டர்கள் ஒரு முடிவு எடுத்தாங்க. 3 வயசுக்குக் கீழே இருந்தா முதல்ல கீமோ, ரேடியேஷனை முடிஞ்ச வரைக்கும் தள்ளிப் போடலாம். 1986-ல இருந்து 1990 வரைக்கும் அமெரிக்காவுல 198 குழந்தைகளை வச்சு இதை ஒரு ஆய்வா நடத்தினாங்க. 2 வயசுக்குக் கீழ இருந்தவங்களுக்கு 2 வருஷம் கீமோ, 2-ல இருந்து 3 வயசுக்குள்ள இருந்தவங்களுக்கு 1 வருஷம் கீமோ, அதுக்கு அப்புறம்தான் ரேடியேஷன். தள்ளிப்போட முடியும்னு நிரூபிச்சாங்க. ஆனா அதுக்கு ஒரு விலை இருந்துச்சு. எபெண்டிமோமாங்கிற இன்னொரு வகைக் கட்டியில, ரெண்டு வருஷம் தள்ளிப்போட்ட குழந்தைகள், ஒரு வருஷம் தள்ளிப்போட்டவங்களை விடக் குறைவாத்தான் பிழைச்சாங்க.

அதாவது, "சின்னக் குழந்தைகள் குறைவா பிழைக்குறாங்க"ங்கிற அந்த நம்பர்ல கட்டியோட குணம் மட்டும் இல்ல. மூளையைக் காப்பாத்தணும்னு பெரியவங்க எடுத்த ஒரு முடிவும் அதுல இருக்கு.

அங்கேயே நின்னுடல. 2005-ல ஜெர்மனியில இருந்து ஒரு பேப்பர் வந்துச்சு. 3 வயசுக்குக் கீழ, மெடுல்லோபிளாஸ்டோமா இருந்த 43 குழந்தைகள். ரேடியேஷன் இல்லாம கீமோ மட்டும், அதுல ஒரு மருந்தை நேரா மூளைத் திரவத்துக்குள்ளேயே செலுத்தினாங்க. கட்டியை முழுசா எடுத்து, பரவாமலும் இருந்த குழந்தைகள்ல 5 வருஷத்துல 93% உயிரோட இருந்தாங்க. எல்லாக் குழந்தைக்கும் இது பொருந்தாது. ஆனா மூடி இருந்த கதவு ஒண்ணு திறந்துச்சு.

எல்லா முயற்சியும் ஜெயிக்கல. 3-ல இருந்து 7 வயசுப் பிள்ளைகளுக்கு மொத்த மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் கொடுக்குற டோஸை 23.4 கிரேல இருந்து 18-ஆ குறைச்சா என்னன்னு ஒரு பெரிய ஆய்வு பண்ணாங்க. கிரேங்கிறது ரேடியேஷன் டோஸோட அலகு. 2021-ல ரிசல்ட் வந்துச்சு. டோஸ் குறைச்ச குழுவுல நோய் அதிகமா திரும்பிடுச்சு. வலிக்குற ரிசல்ட்தான், ஆனா தெளிவான ரிசல்ட்.

இன்னொரு ஆச்சரியம். எப்பவும் சின்னக் குழந்தைக்குத்தான் மோசம்னும் இல்ல. வேகமா வளர்ற கிளையோமா வகையில, கைக்குழந்தைகள் பெரிய பிள்ளைகளை விட நல்லா பிழைக்குறாங்க. ஏன்னா மரபணு அளவுல அது வேற நோயே. உலக சுகாதார நிறுவனம் 2021-ல அதுக்குத் தனிப் பேரே கொடுத்துடுச்சு.

ஆக, வயசு வித்தியாசத்தை யாரோ பார்த்தாங்க, "ஏன்"னு கேட்டாங்க, ஆய்வு வச்சாங்க, சில இடத்துல ஜெயிச்சாங்க, சில இடத்துல தோத்தாங்க. 40 வருஷக் கதை.

கேக் வெட்டினதுக்கு அப்புறம்

சரி, ஐந்து வருஷம் தாண்டியாச்சு. கோடு அங்கேயே நேரா போயிடுமா? போகாது.

அமெரிக்காவுலயும் கனடாவுலயும் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 1994-ல ஒரு பெரிய வேலையை ஆரம்பிச்சாங்க. சின்ன வயசுல கேன்சர் வந்து 5 வருஷம் தாண்டினவங்களை வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்றது. மூளைக் கட்டி மட்டும் இல்ல, எல்லா வகைக் கேன்சரும். 2006-ல வந்த பேப்பர்ல, கண்டுபிடிச்சு 30 வருஷம் ஆனவங்கள்ல 73% பேருக்கு ஏதாவது ஒரு நாள்பட்ட உடல் பிரச்சனை, 42% பேருக்கு அது தீவிரமான பிரச்சனை. மூளைக் கட்டியில இருந்து பிழைச்சவங்க அதிக ஆபத்து இருக்கிற குழுக்கள்ல ஒண்ணு.

என் டீம்மேட்டோட தம்பியைப் பாருங்க. சிஸ்பிளாட்டின் மருந்தால காது சரியா கேக்காது, மெஷின் போட்டிருக்கார். முதுகுத்தண்டுக்கு ரேடியேஷன் போனதால உயரம் கம்மி. தைராய்டுக்குத் தினமும் மாத்திரை. இது எதுவும் "பிழைச்சான்"ங்கிற கட்டத்துல தெரியாது.

நல்ல செய்தியும் இருக்கு. அதே ஆய்வுல 34,033 பேரைப் பார்த்து 2016-ல எழுதினாங்க. 5 வருஷம் தாண்டினவங்கள்ல, 15 வருஷத்துக்குள்ள இறந்துபோறவங்க 1970-கள் தொடக்கத்துல 12.4% இருந்தாங்க, 1990-கள்ல அது 6.0% ஆயிடுச்சு. முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு, தேவையில்லாத இடத்துல ரேடியேஷனையும் சில மருந்துகளையும் குறைச்சது. பின்விளைவைத் தொடர்ந்து பார்த்ததாலதான் முன்னாடி கொடுக்குற சிகிச்சையை மாத்த முடிஞ்சுது.

ஒரே ஒரு குறை. இந்த ஆய்வுல ஆரம்பத்துல சேர்ந்தவங்கள்ல பெரும்பாலானவங்க வெள்ளையர்கள்.

படிவத்துல ஒரு கட்டம்

இப்போ அவங்க கேட்ட ரெண்டாவது கேள்வி. அமெரிக்காவோட தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1973-ல இருந்து ஒரு பதிவேடு வச்சிருக்கு, பேரு சீர். அதுல ஒவ்வொருத்தருக்கும் "இனம்"னு ஒரு கட்டம் இருக்கு.

அந்தக் கட்டத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அது டி.என்.ஏ. டெஸ்ட் இல்ல. அரசாங்கம் எழுதின ஒரு லிஸ்ட். உதாரணத்துக்கு நம்மளையே எடுத்துக்குங்க. 1970 சென்சஸ்ல அமெரிக்காவுல இருந்த இந்தியர்களை வெள்ளையர்னு எண்ணினாங்க. 1980 சென்சஸ்ல "ஆசிய இந்தியர்". 1977-ல வந்த அரசு வரையறையில நம்ம ஆளு, சீனர், ஃபிலிப்பினோ, ஹவாய்த் தீவுக்காரர், சமோவாக்காரர் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பெட்டி. 1997-லதான் தீவுக்காரர்களைத் தனியா பிரிச்சாங்க. உடம்பு மாறல, லிஸ்ட்தான் மாறுச்சு. கோட் எழுதுறவங்களுக்கு இது நல்லா புரியும். ஸ்கீமாவை யாரோ ஒருத்தர் முடிவு பண்றார், அப்புறம் எல்லாரும் அதை இயற்கைன்னு நம்பிடுறாங்க.

அப்போ அந்தக் கட்டத்தைத் தூக்கிப் போட்டுடலாமா? கூடாது. அது உடம்பைச் சொல்லாட்டியும், உலகம் அந்த உடம்பை எப்படி நடத்துதுன்னு சொல்லும்.

டேட்டா சொல்றது இதுதான். குழந்தைகள் மூளைக் கட்டி வெள்ளைக்காரக் குழந்தைகள்ல அதிகமா பதிவாகுது, கறுப்பினக் குழந்தைகள்ல குறைவா பதிவாகுது. ஆனா வந்தவங்கள்ல பிழைக்குற விகிதம் கறுப்பின, ஹிஸ்பானிக் குழந்தைகளுக்குக் குறைவு.

உடனே முடிவுக்கு வந்துடாதீங்க, இங்க ஒரு பொறி இருக்கு. பைலோசிட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமான்னு மெதுவா வளர்ற ஒரு கட்டி இருக்கு, 10 வருஷம் கழிச்சும் 90%-க்கு மேல பிழைக்குறாங்க. எம்.ஆர்.ஐ. சுலபமா கிடைக்குற வீட்ல இந்த மாதிரி சாதுவான கட்டிகளும் கண்ணுல படும், அந்தக் குழுவோட சராசரி ஏறும். அதனால ஒரே வகைக் கட்டி, ஒரே வயசு, ஒரே அளவு பரவல்னு சமப்படுத்தித்தான் ஒப்பிடணும். அப்படி ஒப்பிட்ட ஆய்வுகள்லயும் இடைவெளி முழுசா மறையல.

சரி, காசுதான் காரணமா? மினசோட்டா பல்கலைக்கழகத்துல 2018-ல ஒரு குழு சீர் டேட்டாவுல இதைச் சோதிச்சாங்க. ரத்தப் புற்றுநோய் மாதிரி சில வகைகள்ல, இன வித்தியாசத்தோட கணிசமான பங்குக்குக் குடும்பம் இருக்கிற பகுதியோட பொருளாதாரமே விளக்கமா இருந்துச்சு. மூளைக் கட்டிகள்ல அப்படி விளக்க முடியல. நான் ரெண்டு தடவை திரும்பப் படிச்சேன். "அப்போ உடம்புலதான் ஏதோ வித்தியாசம்"னு தாவிடுறது ரொம்ப சுலபம். ஆனா அவங்க அளந்தது ஏரியாவோட வருமானம். ஒரே தெருவுல இருக்கிற ரெண்டு வீடு ஒரே ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு இல்ல, ஒரே சிகிச்சை கிடைக்கணும்னும் இல்ல.

அதுக்கு ஒரு உதாரணம் புரோட்டான் சிகிச்சை. சாதாரண எக்ஸ்ரே வகை ரேடியேஷன் முதுகு வழியா போனா, முன்னாடி இருக்கிற இதயம், குடல் எல்லாத்தையும் தொட்டுட்டு வெளியே போகும். புரோட்டான் ஒரு குறிப்பிட்ட ஆழத்துல நின்னுடும். இதயத்துக்குப் போற டோஸ் ரொம்பக் குறையும். குழந்தைகள் கேன்சர் ஆய்வுகள்ல 2010-ல இருந்து 2018 வரைக்கும் சேர்ந்த பிள்ளைகளைப் பார்த்த ஒரு பேப்பர், வெள்ளைக்காரப் பிள்ளைகளை விடக் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் புரோட்டான் குறைவா கிடைச்சுதுன்னு சொல்லுது. அந்தப் பிள்ளைகள் எல்லாம் ஏற்கனவே ஆய்வுக்குள்ள வந்தவங்க. அப்படியும் வித்தியாசம்.

இதை அந்தக் கிராஃப்போட சேர்த்து யோசிச்சுப் பாருங்க. இதயத்துக்குப் போன அந்தக் கூடுதல் டோஸ் ஐந்தாவது வருஷத்துல தெரியாது. இருபதாவது வருஷத்துலயோ முப்பதாவது வருஷத்துலயோதான் தெரியும். ஐந்து வருஷக் கோட்டுல ரெண்டு பிள்ளைகளும் பக்கத்துல பக்கத்துல நிப்பாங்க, சமம்னு தோணும்.

அப்புறம் இன்ஷூரன்ஸ். 2010-ல வந்த சட்டப்படி 26 வயசு வரைக்கும் அப்பா அம்மா இன்ஷூரன்ஸ்ல இருக்கலாம். அதுக்கு மேல? வருமானம் குறைவா இருக்கிறவங்களுக்காக மெடிக்கெய்ட் திட்டத்தை விரிவுபடுத்துறதும் அதே சட்டத்துல இருந்துச்சு. 2012-ல உச்ச நீதிமன்றம் அது மாநிலங்களோட விருப்பம்னு சொல்லிடுச்சு. கறுப்பின மக்கள் அதிகமா இருக்கிற ஜார்ஜியா, மிசிசிப்பி, அலபாமா மாதிரி தெற்கு மாநிலங்கள் அதை முழுசா ஏத்துக்கல. அட்லாண்டா ஜார்ஜியாவுலதான் இருக்கு. தம்பிக்கு 2019-ல 26 முடிஞ்சுது. வேலை பார்த்த குடோன்ல இன்ஷூரன்ஸ் கிடையாது. ஆறு வருஷம் ஒரு செக்கப் கூடப் போகல.

இப்போ அந்த நிபந்தனைக்கு வருவோம். இவர் இறந்திருந்தா அரசாங்கத்தோட மரணப் பதிவுல வந்திருப்பார். உயிரோட, தலைவலியோட, டாக்டரைப் பார்க்காம இருந்த அந்த ஆறு வருஷம் எந்தக் கோட்டுலயும் இல்ல.

நான் சொன்ன பதில்

இவ்வளவும் படிச்சுட்டு அவங்ககிட்ட பேசினேன். உங்க தம்பி ஒருத்தரை வச்சு இனம்தான் காரணம்னு சொல்ல முடியாது, ஒரு ஆள் டேட்டா இல்லன்னு சொன்னேன். "எனக்கும் தெரியும், ஆனா எனக்கு ஒரே ஒரு தம்பிதான்"னு சொன்னாங்க. அதுக்கு மேல அந்தப் பேச்சை நான் நீட்டல.

எனக்குப் புரிஞ்சது இது. வயசு இடைவெளி, டாக்டர்கள் கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு எடுத்த முடிவுல இருந்து வந்தது. உயிரா மூளையான்னு எடை போட்டாங்க, எழுதி வச்சாங்க, ஆய்வு வச்சுத் திருத்திக்கிட்டே இருக்காங்க. இன இடைவெளியை யாரும் மீட்டிங் போட்டு முடிவு பண்ணல. எந்த மெஷின் கிடைக்கும், எந்த மாநிலத்துல பிறந்தோம், எந்த வயசுல இன்ஷூரன்ஸ் போகும்னு சின்னச் சின்னதா சேர்ந்து வந்தது. யாரும் முடிவு பண்ணாததால, யாருக்கும் அதைத் திருத்துற பொறுப்பும் இல்லாம கிடக்கு. முதல் இடைவெளியைக் குறைச்ச அதே முறை, அதாவது கேள்வி கேக்குறது, வருஷக்கணக்கா பின்தொடர்றது, எழுதி வைக்கிறது, ரெண்டாவதுக்கும் வேணும்.

ஃபைல் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. அவங்க அம்மா வீட்ல ஒரு டிராயர் முழுக்கப் பழைய காகிதம். அதுல 1999-ல ஆய்வுல சேரும்போது அம்மா கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்தோட நகல் இருந்துச்சு. எவ்வளவு டோஸ் கொடுக்கப் போறோம்னு அதுல எழுதியிருந்தாங்க, தலைக்கும் முதுகுத்தண்டுக்கும் 23.4 கிரே, கட்டி இருந்த இடத்துக்கு அதுக்கு மேல. புது டாக்டர் அதை வச்சுத்தான் இப்போ பிளான் பண்றார். அடுத்த மாசம் ஆபரேஷன். ஒரு அம்மா எதையும் தூக்கிப் போடாம வச்சிருந்ததால கிடைச்ச நம்பர் அது. எல்லா வீட்லயும் அப்படி ஒரு டிராயர் இருக்காது.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். இதைக் கேக்குறவங்கள்ல யாராவது சின்ன வயசுல கேன்சர் சிகிச்சை எடுத்திருந்தா, இல்ல உங்க சித்தப்பா பொண்ணோ ஃப்ரெண்டோ எடுத்திருந்தா, எந்த ஊரா இருந்தாலும் சரி, ஆஸ்பத்திரியில போய் சிகிச்சைச் சுருக்கம் கேட்டு வாங்குங்க. என்ன கட்டி, எந்தத் தேதி, என்னென்ன மருந்து, மொத்தம் எவ்வளவு, ரேடியேஷன் எங்க எவ்வளவு, என்ன ஆபரேஷன். ஒரே பக்கம் போதும். போன்ல ஒரு போட்டோ, வீட்ல ஒரு பிரிண்ட். அமெரிக்கக் குழந்தைகள் புற்றுநோய்க் குழு 2003-ல இருந்து, எந்த சிகிச்சை எடுத்தவங்க எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை என்ன செக்கப் பண்ணணும்னு வழிகாட்டி வெளியிடுறாங்க. ஆன்லைன்ல இலவசம். அந்த ஒரு பக்கத்தையும் இதையும் சேர்த்து டாக்டர்கிட்ட காட்டுங்க.

நேத்து ராத்திரி மீட்டிங்ல அவங்க கேமரா ஆன்ல இருந்துச்சு. பின்னாடி சோஃபாவுல தம்பி உட்கார்ந்திருந்தார். கையைத் தூக்கி ஒரு ஹாய் சொன்னார். நானும் சொன்னேன். அப்புறம் வழக்கம் போல டிக்கெட்டைப் பத்திப் பேச ஆரம்பிச்சோம்.

அடுத்த வாரம் பார்க்கலாம். உடம்பைப் பார்த்துக்கோங்க.